மகனின் குளியலறைக்குப் போன 23,000 டொலர் – சிட்னியில் இருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்குக் காசு தருகிற அரச திட்டமான என்.டி.ஐ.எஸ் அலுவலகத்தில் இருந்து நேற்றுப் பின்னேரம் வந்த ஈமெயிலை வாசித்ததில் இருந்து நித்திரை இல்லை. பெரிய கடிதம் ஒன்றுமில்லை, நாலு வரி. அதில் ஒரு வரி இது: "குளியலறை மாற்றம் செய்து முடிக்கப்பட்டதாக எங்கள் பதிவில் உள்ளது."

செய்து முடிக்கப்பட்டதாம். என் மகன் அந்தக் குளியலறைக்குள் போய் நாலு மாதம். இந்தக் குளிர் முழுக்க அவனைக் கட்டிலில் வைத்து வெந்நீரில் துணி நனைத்துத்தான் துடைக்கிறேன். 23,000 டொலர் போய்விட்டது. எப்படிப் போனது, நீங்கள் என்ன செய்யவேண்டும், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைக்கு 21 வயது. பெருமூளை வாதம், பிறந்ததில் இருந்து சக்கர நாற்காலி. முன்பு தூக்கிக் குளிக்க வைத்தோம். இப்போது அவன் 60 கிலோவுக்கு மேல், எனக்கு நாரி நோவு. எங்கள் யூனிட் இரண்டாம் மாடி, பழைய கட்டடம். குளியலறை வாசலில் ஒரு படி, உள்ளே பழைய குளியல் தொட்டி. அதை உடைத்து, படி இல்லாமல், சக்கர நாற்காலி நேரே உள்ளே போகிற மாதிரி மாற்றவேண்டும் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழி சொல்கிற சிகிச்சையாளர்) ரிப்போர்ட் எழுதித் தந்தார். என்.டி.ஐ.எஸ் பிளானில் அந்தக் காசு வர ஒன்றரை வருடம் எடுத்தது. 18,700 டொலர். வந்த அன்று நான் சாமி அறையில் நின்று அழுதேன்.

வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். என்.டி.ஐ.எஸ் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான அவுஸ்திரேலிய அரசின் திட்டம், 2013இல் தொடங்கியது. காசு கையில் வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளான் இருக்கும், அதற்குள் எதற்கு எவ்வளவு என்று இருக்கும். பிளானை அரசே பார்க்கலாம், நீங்களே பார்க்கலாம், அல்லது பிளான் மேனேஜர் என்று ஒரு கம்பனி உங்களுக்காக பில் கட்டலாம். எங்களுக்குப் பிளான் மேனேஜர். அரசே பார்க்கும் பிளான் என்றால் பதிவு செய்த ஆட்களிடம் மட்டும்தான் வேலை வாங்கலாம். எங்களைப் போன்றவர்கள் பதிவில்லாத ஆட்களிடமும் வாங்கலாம். இது எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம் என்று அப்போது நினைத்தேன்.

குளியலறையை மாற்ற வந்த ஆளை எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம்தான் சொன்னது. வீட்டு மாற்றம் செய்கிற சின்னக் கம்பனி. பெயர் எழுதவில்லை, எழுதக்கூடாது என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் வீட்டுக்கு வந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தான். என்னிடம் கதைக்க முதல் மகனுக்கு முன்னால் குந்தி இருந்து, அவன் கையைப் பிடித்து, "தம்பிக்கு என்ன நிறம் பிடிக்கும்? சுவருக்கு அந்த நிற டைல்ஸ் போடுவம்" என்று கேட்டான். மகன் நீலம் என்று சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாக இருந்தான். எங்கள் பிள்ளை ஒரு சொல் சொல்ல நேரம் எடுக்கும். டொக்டர்மாரே காத்திருக்கமாட்டார்கள். இவன் காத்திருந்தான். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. இது என்ர சொந்தப் பிள்ளைக்குச் செய்யிற மாதிரி" என்றான். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. தமிழ்ப் பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவன், அவனிடம் எப்படிக் கேட்பது?

கொட்டேஷன் 18,700. பிளானில் எவ்வளவு இருக்கிறதோ சரியாக அவ்வளவு. அப்புறம், வழுக்காத டைல்ஸ் பிளானில் வராது, அதற்கு 4,300 கையில் தரவேண்டும், பில் போட்டால் வரி வரும் என்றான். சீட்டு எடுத்து வைத்திருந்த காசு இருந்தது. கவரில் போட்டுக் கொடுத்தேன். ரசீது இல்லை. 18,700உம் 4,300உம் சேர்த்து 23,000.

ஏன் பிரித்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டு வேலை 20,000 டொலருக்கு மேல் போனால், ஒரு சதம் வாங்க முதலே கட்டட வேலை செய்பவர் காப்புறுதிச் சான்றிதழ் தரவேண்டும். அவர் ஓடினாலும் கம்பனி மூடினாலும் அந்தக் காப்புறுதிதான் எங்களுக்குக் கைகொடுக்கும். 18,700 என்று எழுதினால் அது தேவையில்லை. முற்பணமும் 10 வீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, சட்டம். எங்களிடம் பாதி வாங்கினான். 5,000 டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு லைசன்ஸ் கட்டாயம். கொட்டேஷனில் ஒரு லைசன்ஸ் இலக்கம் இருந்தது. அரச இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. நான் ஏப்ரலில்தான் பார்த்தேன். அது வேறொருவருடைய இலக்கம், பெயிண்ட் அடிக்கிற லைசன்ஸ்.

யூனிட் என்றபடியால் ஸ்ட்ராட்டாவிடம் (கட்டடத்தின் யூனிட் உரிமையாளர் சங்கம்) அனுமதி எடுக்கவேண்டாமா என்று என் கணவர் கேட்டார். "உள்ளுக்கு செய்யிற வேலைக்குத் தேவையில்லை அண்ணா" என்றான். அதுவும் பொய். வாட்டர்ப்ரூஃபிங்கில், அதாவது தண்ணீர் கசியாமல் தடுக்கிற பூச்சில், கை வைத்தால் உரிமையாளர் கூட்டத்தில் விசேட தீர்மானம் எடுக்கவேண்டும்.

மார்ச் நடுவில் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை, இவர் இரவு வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். "அக்கா, பெடியள் வந்து போனதுக்கு ஒரு சைன்" என்று டேப்லெட்டை நீட்டினான். கையில் மகனின் சாப்பாட்டுக் கோப்பை. விரலால் கீறிவிட்டேன். வேலை திருப்தியாக முடிந்தது என்ற பத்திரம் அது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மிச்ச 9,350 டொலரும் பிளானில் இருந்து போய்விட்டது.

முதல் கிழமையே தண்ணீர் வடிகாலுக்குப் போகவில்லை, வாசல் பக்கம் ஓடி வந்தது. தரையின் சரிவு மாறி இருந்தது. கோல் எடுத்தேன். "சிலிக்கன் காயட்டும் அக்கா." ஒரு கிழமை கழித்து, "ஆள் மெல்பனில் நிற்கிறான்." அப்புறம் ஒரு மெசேஜ்: "கோயில் அலுவலாக இருக்கிறேன், வியாழன் வாறன்." எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் இரண்டாம் கிழமை. மகனைக் கதிரையில் இருந்து மாற்றும்போது அவன் சுவர்க் கைப்பிடியைப் பிடித்தான். அது அவன் பாரத்தைத் தாங்கத்தான் போட்டது. கைப்பிடி முழுதாகக் கழன்று அவன் கையோடு வந்தது. உள்ளே மரச் சட்டம் ஒன்றும் இல்லை, வெறும் ஜிப்ராக் (ஜிப்சம் பலகை) சுவரில் நாலு திருகாணி. அவன் முகம் குப்புற விழுந்தான். நாடியில் நாலு தையல். அவன் அழவில்லை. அந்தக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே கிடந்தான். எழுதும்போது கை நடுங்குகிறது.

அடுத்த நாள் கீழ் யூனிட்டில் இருக்கும் வயதான சீனப் பெண்மணி கதவைத் தட்டினார். அவருடைய கூரையில் பழுப்புக் கறை, கீழே வாளி. பார்த்துப்போக வந்த பிளம்பர் சொன்னார், நீல டைல்ஸுக்குக் கீழே வாட்டர்ப்ரூஃபிங் பாதிச் சுவரோடு நிற்கிறதாம். அந்தக் கூரை திருத்தத்துக்கும் நாங்கள்தான் பொறுப்பு என்று இப்போது ஸ்ட்ராட்டாவில் இருந்து கடிதம் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவனுடைய போன் எடுபடவில்லை.

சரி, அரசாங்கம் இருக்கிறதே என்று நினைத்தேன். பிளான் மேனேஜர் கம்பனியில் ஒரு பிள்ளை நல்ல மரியாதையாகக் கதைத்தது: "இன்வாய்ஸ் சரி, பிளானில் காசு இருந்தது, நீங்கள் கையெழுத்தும் வைத்திருக்கிறீர்கள்." வேலையைப் பார்ப்பது தங்கள் பொறுப்பில்லையாம். காசு தருகிற அலுவலகத்துக்கு எடுத்தேன். தரம் பற்றிய முறைப்பாடு வேறு அலுவலகம் என்றார்கள். அந்த அலுவலகம் ஒரு இலக்கம் தந்தது, ஆறு கிழமை கழித்து, கட்டட வேலையின் பிழை மாநில அரசின் விஷயம் என்றது. மாநில அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார், படங்களை அனுப்பச் சொன்னார். பிறகு அந்தக் கம்பனியின் பதிவு ஜூனிலேயே நீக்கப்பட்டுவிட்டது, இல்லாத கம்பனிக்கு எப்படி உத்தரவு போடுவது என்றார். அது மத்திய அரசின் காசாயிற்றே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். திரும்ப முதல் இடம். புதிதாகக் காசு தரச் சொல்லி எழுதினேன். அதற்குத்தான் நேற்றைய பதில். செய்து முடிக்கப்பட்டதாக எங்கள் பதிவில் உள்ளது.

காசு கன்பராவில் இருந்து வருகிறது. சுவர் மாநிலத்துடையது. கைப்பிடி கழன்றால் யாருடையது? இதை எழுத்தில் நாலு இடத்தில் கேட்டுவிட்டேன். ஒருவரும் எழுத்தில் பதில் தரவில்லை.

இந்தத் திட்டத்துக்கு வருடம் 4,000 கோடி டொலருக்கு மேல் போகிறது. மோசடியைப் பிடிக்க 2022இல் தனிக் கூட்டுப் படை அமைத்தார்கள். 2023 செப்டெம்பரில் மாற்றுத்திறனாளிகள் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு 222 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை கொடுத்தது. அதே டிசம்பரில் வெளிவந்த என்.டி.ஐ.எஸ் மீளாய்வு அறிக்கை, சேவை தருகிற எல்லோரையும் ஏதாவது ஒரு அளவில் அரசின் பதிவுக்குள் கொண்டுவரச் சொன்னது. கட்டடப் பக்கம் பார்த்தால், 2018 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் சிட்னியில் ஒபல் டவர் என்ற அடுக்குமாடியில் வெடிப்பு வந்து ஆட்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஜூனில் மாஸ்கொட் டவர்ஸ் அடுக்குமாடியிலும் அதே கதை. பிறகு கட்டட ஆணையாளர் வந்தார், 2020இல் புதுச் சட்டங்கள் வந்தன. எல்லாம் செய்தியில் பார்த்தேன். இனிப் பயமில்லை என்று நம்பினேன். இத்தனை வந்த பிறகும் பெயிண்ட் லைசன்ஸ் இலக்கத்தோடு ஒருவன் வந்து, ஊனமுற்ற பிள்ளையின் குளியலறையை உடைத்து, அரச காசை முழுதாக எடுத்துக்கொண்டு போக முடிகிறது. காசு விட முதல் ஒருவராவது வந்து அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். காசு தர ஒன்றரை வருடம் என்னிடம் ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட் கேட்டார்கள். அவனிடம் ஒரு படம்கூடக் கேட்கவில்லை.

23,000 டொலர். அதில் 18,700 என் காசு இல்லை, வரி கட்டுகிற எல்லாருடைய காசும். 4,300 சீட்டுக் காசு.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரம் போய்விட்டது. சுருக்கமாக: லைசன்ஸ் இலக்கத்தை நீங்களே இணையத்தில் பாருங்கள், பெயரும் வேலை வகையும் பொருந்தவேண்டும். 10 வீதத்துக்கு மேல் முற்பணம் கேட்டால் அனுப்பிவிடுங்கள். காசைப் பிரித்துக் கொடுக்காதீர்கள், கையில் கொடுக்கவே வேண்டாம். யூனிட் என்றால் ஸ்ட்ராட்டா அனுமதி எழுத்தில். டைல்ஸ் ஒட்ட முதல் வாட்டர்ப்ரூஃபிங்கைப் படம் எடுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து பார்க்கும் வரை எந்த டேப்லெட்டிலும் கையெழுத்து வைக்காதீர்கள். எந்த அலுவலகத்தோடு கதைத்தாலும் பெயர், திகதி, இலக்கம் எழுதி வையுங்கள்.

மகன் எழும்பிவிட்டான், தண்ணீர் சுடவைக்க வேண்டும். இதே ஆள் வேறு பெயரில் கம்பனி தொடங்கிவிட்டான் என்று கேள்விப்படுகிறேன். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யாராவது உங்கள் வீட்டில் கேட்டால் எனக்கு உடனே எழுதுங்கள்.