திசுவை ஒளியால் பார்க்கும் மூன்று முறைகள்: பன்னாட்டு ஆய்வுக்கு எது ஏற்றது?

உடலை வெட்டாமல் திசுவை ஒளியால் காட்டும் முறைகளை ஒப்பிடுவோர், படத்தின் கூர்மையையும் அது எட்டும் ஆழத்தையும்தான் வழக்கமாக முதலில் கேட்கிறார்கள். ஓர் ஆய்வகம் தனியே இயங்கும்போது அது போதும். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் ஆய்விலோ, ஓரிடத்தில் அளந்த எண்ணும் இன்னோரிடத்தில் அளந்த எண்ணும் ஒன்றையே குறிக்கின்றனவா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கூர்மையில் ஓசிடி (Optical Coherence Tomography) என்னும் ஒளிக்குறுக்கீட்டுப் படமுறைதான் முன்னிற்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவினர் 1991இல் வெளியிட்ட இம்முறை, திசு அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளியின் குறுக்கீட்டைக் கொண்டு விழித்திரையைச் சில மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் காட்டுகிறது. ஆனால் தோல் போன்ற திசுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. கண் மருத்துவமனைகளில் உலகெங்கும் பரவியிருப்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஸ்ட்ரேட்டஸ், ஸ்பெக்ட்ராலிஸ் என்னும் இரண்டு ஓசிடி கருவிகளும் விழித்திரையின் கீழெல்லையை வெவ்வேறு அடுக்குகளில் வைத்ததால், ஒரே கண்ணின் மையத் தடிமனில் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் வேறுபாடு வந்தது. வீக்கம் வடிகிறதா என்று பார்க்கும் ஆய்வை இது முற்றிலும் குழப்பிவிடும்.

ஒளிஒலிப் படமாக்கத்தில், நானோநொடி லேசர் துடிப்பை ஹீமோகுளோபின் உறிஞ்சி விரிவடையும்போது எழும் மீயொலியைக் கேட்டுப் படம் உருவாக்குகிறார்கள். ஒளியளவுக்கு ஒலி சிதறுவதில்லை என்பதால், சில சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள இரத்த நாளங்களும் தெளிவாகத் தெரியும். ஜெர்மனியின் எர்லாங்கன் குழு 2017இல் கிரோன் நோயாளிகளின் குடல் அழற்சியை இவ்வாறு வயிற்றின் மேலிருந்தே மதிப்பிட்டது. பல அலைநீளங்களில் உறிஞ்சப்படும் ஒளியை ஒப்பிட்டு, இரத்தத்தின் ஆக்சிஜனையும் இம்முறையில் கணக்கிடுகிறார்கள். எனினும் ஆழம் கூடக்கூட ஒவ்வோர் அலைநீளமும் வெவ்வேறு அளவில் தேய்வதால், அந்தக் கணக்கு பிசகுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியில் ஒரு பங்கை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடுகிறது. இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வொன்றில், இதேபோல் ஒளியைக் கொண்டே இரத்த ஆக்சிஜனை அளக்கும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கண்டறியத் தவறிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. வெளிர்நிறத் தோலில் மட்டும் சரிபார்த்த கருவியை எல்லா நாட்டுக்கும் பொதுவென்று சொல்வது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

மூன்றாவது, அண்மை அகச்சிவப்புச் சிதறொளி அளவீடு: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திசுவில் செலுத்தி, சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் முறை. மெலனின் சிக்கல் இதற்கும் உண்டு. நுணுக்கமும் சென்டிமீட்டர் அளவில்தான். ஆனால் பச்சிளங்குழந்தையின் தலையில் பொருத்தி மூளையின் ஆக்சிஜனைத் தொடர்ந்து பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, இத்துறையினர் தங்கள் கருவிகளைப் பொதுச் சோதனைக்கு உட்படுத்தும் வழக்கத்தை வளர்த்திருக்கிறார்கள். பிட்மேப் என்னும் ஒப்பீட்டில் 12 நிறுவனங்களின் 28 கருவிகள், ஒளியியல் பண்பு தெரிந்த ஒரே போலித்திசுக்களை அளந்தன. எது எவ்வளவு விலகுகிறது என்பது வெளிப்படையாகப் பதிவாயிற்று. ஒளிஒலித் துறையிலும் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு பொதுத் தரவு வடிவத்தை வகுத்திருக்கிறது.

ஆகவே விழித்திரைக்கு ஓசிடிதான்; அதில் தடிமனை எண்ணாக மட்டும் அனுப்பாமல் மூலப்படத்தையும் பகிர்ந்து, எல்லாவற்றிலும் ஒரே எல்லையை வரைய வேண்டும். ஆக்சிஜனை அளப்பது நோக்கமானால், படம் மங்கலானாலும் சிதறொளியிலிருந்தே தொடங்குவேன். நாளங்களின் வடிவம் தேவைப்படும் மையங்களில் ஒளிஒலியைச் சேர்ப்பேன். எந்த முறையானாலும், பங்கேற்கும் ஒவ்வொருவரின் தோல்நிறத்தையும் கண்மதிப்பில் விடாமல் நிறமானியால் அளந்து தரவோடு பதிய வேண்டும்.