பிரஷர் இல்லையென்று சொல்லி ரூ. 18,400 பறித்துவிட்டார்கள்: ஆப் மூலம் பிளம்பர் கூப்பிடுபவர்கள் கவனம்

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். மாடி பாத்ரூமில் தண்ணீர் மெலிதாக வருகிறது என்று ஆள் கூப்பிட்டதற்கு எங்கள் வீட்டில் போன பணம் இது. தண்ணீர் இப்போதும் சரியாக வந்திருக்காது, தெருமுனை பிளம்பர் ஒருவர் வந்து பார்த்திருக்காவிட்டால். படுக்கையறைச் சுவர் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும், நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு அதே ஆள் போவான்.

எங்கள் வீடு கோவை, சிங்காநல்லூர் பக்கம். இங்கே பல வீடுகளில் உள்ளதுபோலத்தான், குடிக்கச் சமைக்க நல்ல தண்ணீர் தனி, குளிக்கத் துவைக்க போர் உப்புத் தண்ணீர் தனி. மாடி பாத்ரூமுக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீர்தான் வருகிறது. கொஞ்ச நாளாக ஷவரில் நூல் மாதிரி வந்தது. வழக்கமாக வரும் பிளம்பர் ஊருக்குப் போயிருந்தார். அதனால் வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர்கள், சரிபார்க்கப்பட்டவர்கள், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் வகை. அந்த வகை ஆப்கள் எத்தனையோ இருக்கின்றன, இது அதில் ஒன்று.

வந்த ஆளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றினான். பாத்ரூம் வாசலில் ஒரு துணியை விரித்துத்தான் கருவிகளை வைத்தான். அப்பாவிடம், "நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றான். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பார், கேள்வி கேட்பார். எல்லாக் கேள்விக்கும் அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். எங்களுக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

அப்புறம் பையிலிருந்து ஒரு பிரஷர் கேஜை எடுத்து, ஷவர் குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினான். முள் 0.3-இல் நின்றது. "பாருங்க மேடம், 0.3 பார். ஒரு வீட்டுக்கு 2 பார் வேணுமுங்க. லைன் முழுக்க ஏர் லாக். என்.ஆர்.வி. இல்ல. எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. எல்லாம் போயிருச்சு. ஹாட் லைன்ல எஸ்.டி.ஆர். 13.5 போட்டிருக்காங்க, 11 போட்டிருக்கணும்." ஒரு மூச்சில் சொன்னான். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு, ஏர் லாக் என்றால் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்வது, மற்றப் பெயர்களைப் பின்னால் சொல்கிறேன். கண்ணெதிரே ஒரு கருவி எண்ணைக் காட்டுகிறது, சொல்பவன் தடுமாறாமல் சொல்கிறான். அப்பா மட்டும் கேட்டார், "என்.ஆர்.வி.ன்னா என்னப்பா?" "அது பிரஷர் ஏத்துற வால்வுங்கப்பா. அது இருந்தா தண்ணி பின்னாடி தள்ளாம முன்னாடி வேகமா வரும்."

இந்தப் பதில் முழுப் பொய். என்.ஆர்.வி. என்பது தண்ணீரை ஒரே திசையில் போகவிடும் வால்வு, அவ்வளவுதான். மோட்டாரிலிருந்து மேலே ஏறும் குழாயில் போட்டால் மோட்டார் நின்றதும் தண்ணீர் திரும்பி இறங்காது. கீசருக்குள் போகும் குழாயில் போட்டால் சுடுதண்ணீர் பின்னால் போகாது. பிரஷரை அது ஏற்றாது. அதற்குள்ளே பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதைத் தள்ளித் திறக்கவே தண்ணீருக்குக் கொஞ்சம் அழுத்தம் செலவாகும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் குழாயில் ஏற்கெனவே அழுத்தம் குறைவு, அங்கே இதைப் போட்டால் வருகிற தண்ணீரும் குறையும். எங்கள் வீட்டில் அங்கேதான் போட்டிருக்கிறான்.

அந்த 0.3 பார் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டி ஷவருக்கு மேலே சுமார் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 0.3 பார்தான் வரும், வர வேண்டும். மேல்மாடியில் இருக்கும் எந்த வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் காட்டும். இன்னொன்று, கேஜை மாட்டும்போது தண்ணீர் ஓடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. வழியில் எங்கே பாதி அடைப்பு இருந்தாலும் நின்ற தண்ணீரின் அழுத்தம் அதே 0.3-தான். அப்படிப்பட்ட அடைப்பைக் கண்டுபிடிக்க அந்தக் கேஜ் உதவவே உதவாது. அவனுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தினமும் இதே வேலை செய்கிறவன்.

வேலை சாயங்காலம் வரை நடந்தது. கூலி ரூ. 2,400 ஆப்பில் கட்டினோம். பொருட்களுக்கு ரூ. 16,000 அவனுடைய எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொன்னான். "ஸ்பேர்ஸ் நாங்களே கடையில வாங்கறதுங்க மேடம், எல்லா ஊர்லயும் இப்படித்தான்." மொத்தம் ரூ. 18,400. ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். என்.ஆர்.வி. 1,950. ஏர் வென்ட் செட் 1,400. பித்தளை எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. பன்னிரண்டு, 4,200. சி.பி.வி.சி. எஸ்.டி.ஆர். 11 பைப் 3,850. ஆங்கிள் காக் நான்கு, 2,600. சால்வென்ட், டெஃப்லான் வகைக்கு 2,000. கடைசி வரியைப் பாருங்கள். ஒரு டப்பா பசைக்கும் நாலு சுருள் வெள்ளை டேப்புக்கும் இரண்டாயிரம்.

போகும்போது ஷவரில் தண்ணீர் ஓரளவு வந்தது. ஷவர் தலையிலும் குழாய் வாயிலும் இருந்த சல்லடையைக் கழற்றி, உப்பைத் தட்டியிருக்கிறான். அதனால் வந்த தண்ணீர் அது.

மறுநாள் தொட்டி நிரம்பியதும் மொட்டைமாடியில் தண்ணீர் கொட்டியது. ஏர் வென்ட் என்பது தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மேல்நோக்கி வைக்கும் ஒரு திறந்த குழாய், உள்ளே மாட்டிய காற்று அதன் வழியாக வெளியேறும். அது தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இவன் வைத்தது தொட்டியின் பாதி உயரத்துக்குத்தான் இருந்தது. தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் அதன் வழியாகக் கொட்டாமல் என்ன செய்யும்? அப்பா அதன் வாயில் துணியை அடைத்துக் கட்டினார். அதற்கடுத்து கீசரைப் போட்டோம். பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையறைச் சுவரில் ஈரம் படர ஆரம்பித்தது.

போன் செய்தேன். முதல் தடவை எடுத்தான். "செட் ஆகறதுக்கு டைம் ஆகுமுங்க மேடம்." அடுத்த தடவை, "வேற சைட்ல இருக்கேன், நைட்டு கூப்பிடறேன்." அப்புறம் எண் அணைக்கப்பட்டிருந்தது. ஆப்பின் உதவிப் பிரிவில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் வேறொரு பெயரில் ஒருவர் வந்து, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து, முதலிலிருந்து கதையைக் கேட்டார். போட்டோ அனுப்பு என்றார்கள், அனுப்பினேன். வீடியோ அனுப்பு என்றார்கள், அதையும் அனுப்பினேன். கடைசியில் வந்த பதில் இது: எங்கள் மூலம் கட்டியது 2,400 மட்டுமே, பொருட்களுக்கு நீங்கள் நேரடியாகக் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, அடுத்த பதிவில் பயன்படுத்த 250 ரூபாய் கூப்பன் தருகிறோம். வீட்டுக்குள் ஆளை அனுப்பியது அவர்கள். அடையாள அட்டை அவர்களுடையது. பொருட்களைத் தொழிலாளியே வாங்கித் தருவார் என்று ஆப்பிலேயே எழுதியிருக்கிறது. 18,400 போன வீட்டுக்கு 250 ரூபாய்க் கூப்பன் கொடுப்பது அவமானப்படுத்துவது.

தெருமுனை பிளம்பரை அதற்குப் பிறகு அப்பா அழைத்து வந்தார். வயதானவர், சைக்கிளில் வந்தார். கேஜ் எதுவும் மாட்டவில்லை. நேராக மொட்டைமாடிக்குப் போனார். தொட்டிக்குக் கீழே இருந்த கேட் வால்வைத் திருகினார். கைப்பிடி சும்மா சுற்றியது. "அம்மிணி, இதுக்குள்ள தகடு அறுந்து விழுந்து கெடக்குது. ஸ்பிண்டில் மட்டும் சுத்துது. உப்புத் தண்ணிக்கு இது சகஜம்." கழற்றிக் காட்டினார். பித்தளைத் தகடு தண்டிலிருந்து கழன்று, பாதி வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. அதை எடுத்துவிட்டு, கால் திருப்பில் முழுதாகத் திறக்கும் பால் வால்வு ஒன்றைப் போட்டார். அந்த என்.ஆர்.வி.யையும் கழற்றினார். ஷவரில் தண்ணீர் பழையபடி வந்துவிட்டது. வால்வு, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். எங்கள் வீட்டில் இருந்த கோளாறு மொத்தமே அவ்வளவுதான். அதற்கு ரூ. 18,400.

சுவர் ஈரத்தைப் பார்க்கக் கொஞ்சம் உடைத்தார்கள். உள்ளே பார்த்ததும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. சுடுதண்ணீர் குழாயில் வெள்ளை பைப் இருந்தது. வெள்ளை யு.பி.வி.சி., பச்சைத் தண்ணீருக்கு மட்டுமே ஆனது. கீசர் தண்ணீருக்கு சி.பி.வி.சி. போட வேண்டும், பெரும்பாலும் வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும், 93 டிகிரி வரை தாங்கும் என்று அதற்குக் கணக்கு. பில்லில் சி.பி.வி.சி. எஸ்.டி.ஆர். 11 என்று எழுதி 3,850 வாங்கியவன் போட்டது விலை குறைந்த யு.பி.வி.சி. அது சூட்டில் இளகி வளைந்திருந்தது. இதில் எஸ்.டி.ஆர். என்பது குழாயின் வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்தால் வரும் எண். எண் சிறியதானால் குழாய் தடிமன். முன்பு எங்கள் வீட்டில் இருந்த 13.5-உம் சுடுதண்ணீருக்கு ஆனதுதான். நன்றாக இருந்ததை அறுத்து எறிந்திருக்கிறான்.

அந்தப் பன்னிரண்டு எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது. எம்.டி.ஏ. வெளிப்பக்கம் மரை உள்ள இணைப்பு, எஃப்.டி.ஏ. உள்பக்கம் மரை உள்ளது. குழாயைத் திருகு இணைப்பாக மாற்றும் இடத்தில்தான் இவை தேவை. அரை அங்குல சி.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், அரை அங்குல யு.பி.வி.சி.க்கு 21.3. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தாது. பழைய குழாயோடு தவறான குழாயைச் சேர்க்க ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஜோடி திருகு இணைப்பைப் போட்டிருக்கிறான். அவற்றுக்கும் எங்களிடமே பணம். பித்தளை என்று எழுதியவற்றில் பித்தளை எதுவும் இல்லை, வெறும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.யை அதிகமாக இறுக்கினால் வெடிக்கும், அதற்காகவே பித்தளை மரை வைத்து விற்கிறார்கள். வெடித்த இடத்திலிருந்துதான் சுவருக்குள் தண்ணீர்.

ஆங்கிள் காக் என்பது வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் கீழே சுவரில் இருக்கும் சின்னத் திருகு வால்வு. எங்கள் வீட்டில் நான்கும் கனமான பழைய பித்தளை, ஒழுகாதவை. "பழசுங்க, குப்பைதானே, நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்று மூட்டை கட்டிக்கொண்டான். அம்மாவுக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை. வீடு கட்டும்போது தாத்தா வாங்கி வைத்தவை அவை.

கீழே உள்ள பாத்ரூமில் நாற்றம் வருகிறது, நஹானி டிராப் (தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே இருக்கும் கிண்ணம்) போய்விட்டது, டைல்ஸை உடைத்து மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். அதற்குத் தனியாக எட்டாயிரம் கேட்டான். நல்ல வேளை, அப்பா அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடை வாடையை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். யாரும் பயன்படுத்தாத பாத்ரூமில் அது வற்றிவிடும். பெரியவர் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினார், நாற்றம் நின்றது.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கோபத்தில் எல்லாம் வரவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பொருட்களுக்கான பணத்தை ஆளின் சொந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள், கடை பில் கேளுங்கள். சுவரை மூடுவதற்கு முன் குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் போட்டோ எடுங்கள், சி.பி.வி.சி.யில் பெரும்பாலும் ஐ.எஸ். 15778 என்ற தர எண் இருக்கும். கழற்றிய பழைய பொருளை வெளியே விடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் தொட்டிக்குக் கீழே உள்ள வால்வைப் பாருங்கள்.

ஏமாந்தவர்கள் 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆப் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நான் பில் தாள், யுபிஐ ரசீது, உடைத்தெடுத்த குழாயின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்துவிட்டேன். கூப்பனை ஏற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் கேஜை மாட்டி 0.3 காட்டி 2 பார் வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.