எஃகுத் தகடா, மரச்செதுக்கா: பழைய ஃபேஷன் படம் வாங்கிய கதை

ஒரு மாதம் யோசித்துவிட்டு, எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய பழைய ஃபேஷன் படத்தையே வாங்கினேன். பாரீஸில் 1860இல் தொடங்கிய ‘லா மோத் இலுஸ்த்ரே’ இதழின் தாள் அது. அடியில் ஓவியர் அனாயிஸ் தூதூஸ் கையெழுத்து. எதிரே நின்றது நியூயார்க்கின் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ வார இதழில் 1880களில் வந்த மரச்செதுக்குப் பக்கம், அதாவது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். கறுப்பு வெள்ளை, பாதி விலை. மனம் கேட்காமல் பிறகு அதையும் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

அழகில் வண்ணப்படம் முந்தும், அதைப் பற்றி வாதமே வேண்டாம். என்னை முடிவெடுக்க வைத்தது தாள்.

மரச்செதுக்குக் கட்டை அச்செழுத்தின் உயரத்துக்கே நிற்கும். படமும் செய்தியும் ஒரே ஓட்டத்தில் அச்சாகிவிடும். வாரம் தவறாமல் வரும் இதழுக்கு அதுதான் தோது. தாளும் அந்தக் கணக்குக்கு ஏற்ற மலிவுத் தாள். எஃகுத் தகட்டிலோ கோடுகள் பள்ளத்தில் கிடக்கும். ஈரப்படுத்திய தாளை அழுத்தித்தான் மையை மேலே இழுக்க வேண்டும். மெல்லிய தாள் அதைத் தாங்காது. அதனால் படத்தைத் தனியே, கனமான தாளில் அச்சிட்டு இதழோடு சேர்த்தார்கள். பலன் இன்று கையில் தெரிகிறது. பாரீஸ் தாள் துணி போல மடங்கிக்கொடுக்கிறது. பஜார் பக்கமோ ஓரமெல்லாம் பழுப்பேறி, எடுக்கும்போதெல்லாம் அப்பளம் போல ஒரு துணுக்கை உதிர்க்கிறது. மரக்கூழில் செய்த தாளுக்கு உள்ளேயே அமிலம் இருக்கிறது. எந்தக் கண்ணாடிச் சட்டமும் அதை வெளியேற்றாது.

வண்ணத்துக்கு எதிரி வெளிச்சம். ஆகவே சுவரில் மாட்டவில்லை, அமிலமற்ற உறைக்குள் வைத்திருக்கிறேன். வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. பத்தாண்டு கழித்து அந்தப் படத்தின் ஊதா எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சுவரில் மாட்டியே தீருவேன் என்பவருக்கு மரச்செதுக்குதான் சரி. அச்சு மையின் கருமை அவ்வளவு எளிதில் வெளுக்காது.

மரச்செதுக்கைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. பஜாரின் படங்களில் பல பெர்லினின் ‘டெர் பஸார்’ இதழிலிருந்து வந்தவை. சரிகைப் பின்னலை ஓர் இழைகூட விடாமல் காட்டுகின்றன. தைப்பவருக்கு அதுதான் உதவும். ஆனால் வண்ணம் பூசிய பஜார் பக்கம் என்று யாராவது நீட்டினால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பத்தி பத்தியாக எழுத்து ஓடினால், அந்த வண்ணம் பெரும்பாலும் பின்னாளில் யாரோ பூசியது.

பிலடெல்ஃபியாவின் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற பெண்கள் இதழ் தன் படங்களுக்கு வண்ணம் தீட்ட சுமார் 150 பெண்களை வைத்திருந்தது. ஒரே படம் இரண்டு வீடுகளில் இரண்டு நிறத்தில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. என் பாரீஸ் தாளில், பாவாடையின் கடைசி மடிப்பில் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. தூரிகை பிடித்தவளுக்கு அன்று அது எத்தனையாவது தாளோ.