ஊசுட்டேரியா, பிச்சாவரமா, கடலுக்கு அடியிலா?

புதுச்சேரியில் தங்கியிருக்கிறீர்கள், பறவையும் மீனும் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது. எங்கே போவது? பலரும் யோசிக்காமல், காற்றுக் குப்பியோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். என் ஓட்டு பிச்சாவரத்துக்குத்தான்.

ஊசுட்டேரி ஊருக்குப் பக்கம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரி, இன்னொரு பகுதி விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல கூட்டம் இருக்கும். உடம்பெல்லாம் கறுத்து நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள், கூழைக்கடா, நீண்ட விரல்களை விரித்து மிதக்கும் இலைமேல் நடக்கிற இலைக்கோழி என்று நிறையப் பார்க்கலாம். ஆனால் ஏரி ரொம்பப் பெரிசு. பைனாகுலர் இல்லாவிட்டால் பாதிப் பறவைகள் வெறும் புள்ளிகள்தான்.

ஸ்கூபாவில் நீச்சல் தெரியாதவரையும் பயிற்சியாளர் கூடவே இருந்து இறக்குவார். மீன் கூட்டத்துக்கு நடுவில் இருப்பது பெரிய சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் செலவு அதிகம், தண்ணீர் கலங்கியிருந்தால் கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது, காது தாங்காது.

பிச்சாவரம் வேறு மாதிரி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. மோட்டார் படகு வேண்டாம். அது அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும், சத்தத்தில் பறவைகளும் பறந்துவிடும். துடுப்புப் படகு எடுங்கள், சுரபுன்னை வேர்களுக்கு இடையே நுழைந்து போகும்.

கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போவது முக்கியம். அப்போதுதான் சேறு வெளியே தெரியும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் வளை வாசலில் நின்று அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். பக்கத்திலேயே, தலை உச்சியில் கண் முழிக்க, முன் துடுப்புகளை ஊன்றி ஒரு சின்ன மீன் சேற்றில் தத்தித் தத்திப் போகும். செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு விடுகிற மீன் அது. நிழல் பட்டதும் வளைக்குள் மறைந்துவிடும். அந்த மீனைப் பிடிக்கத்தான் கொக்கும் மீன்கொத்தியும் காத்திருக்கும். ஏரியில் பறவையை மட்டும் பார்க்கிறோம், கடலடியில் மீனை மட்டும். இங்கே ஒன்று இன்னொன்றைப் பிடிப்பதைப் படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

தூரம்தான் ஒரு சிரமம். புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாகப் போக இரண்டு மணி நேரமாவது ஆகும், விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். கடலூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. அப்புறம், படகோட்டும் அண்ணனிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: சுற்றிக் காட்டவேண்டாம், சேற்றோரம் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தினால் போதும்.