எம்.பி. ஆசனம் காலியானால்: திருகோணமலை வாக்காளருக்கான மதிப்பீடு

இலங்கைப் பாராளுமன்றத்தில் திருகோணமலைக்கு 4 ஆசனம். கட்சிப் பட்டியலில் 7 பெயர். மாவட்ட எம்.பி. விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் இல்லை. பாராளுமன்றச் செயலாளர் நாயகம் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பார். அதே பட்டியலில் விருப்பு வாக்கில் (பட்டியலிலுள்ள தனி வேட்பாளருக்கு இடும் வாக்கு) அடுத்து நிற்பவர் உறுப்பினராவார். செலவில்லை, குழப்பமும் குறைவு. நல்ல ஏற்பாடு. அதனால்தான் 3 விருப்பு வாக்கையும் தவறாமல் போடுங்கள். நான்காவதாகப் புள்ளடி போட்டால் விருப்பு வாக்குகள் எண்ணப்படமாட்டா.

தேசியப் பட்டியலின் (நாடு முழுவதும் கட்சிகள் பெற்ற வாக்குக்கு ஏற்பப் பங்கிடப்படும்) 29 ஆசனங்களுக்குப் பாதி மதிப்பெண்தான். அங்கே ஆசனம் காலியானால் பெயர் கொடுப்பவர் கட்சிச் செயலாளர். கூட்டணிக்குள் இழுபறி தொடங்குவதும் அங்கேதான், வாக்காளருக்கு அதில் கையே இல்லை.

எம்.பி.யைக் கட்சி நீக்கினாலும் ஆசனம் உடனே போகாது. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். 2 மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு.