ஓதம் ஏறி உதிர்ந்த ஹால் சுவர்: இரண்டாம் முறை பூசியது மூன்று மழைக்காலம் தாங்கியிருக்கிறது

வேலூர் சத்துவாச்சாரியில் அப்பா 1998-ல் கட்டிய வீடு எங்களுடையது. ஹாலில் ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் பொரிந்து பொரிந்து விழும். இரண்டடிக்கு இரண்டடி இருக்கும், அவ்வளவுதான். காலையில் அம்மா பெருக்கினால் சாயங்காலத்துக்குள் மறுபடியும் அந்த இடத்தில் மணலும் வெள்ளை உப்புத் தூளும் கிடக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழைக்குப் பிறகு பெயிண்டே பப்படம் மாதிரி உப்பி எழுந்துவிட்டது.

சின்ன வேலைக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் முதல் பிரச்சினை. நாலு பேரைக் கேட்டு, கடைசியில் ஒரு பெயிண்டிங் ஆள் வந்தார். உதிர்ந்ததைச் சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் இரண்டு கோட், மேலே பட்டி (சுவரை வழவழப்பாக்கும் பூச்சு மாவு), அதற்கு மேல் பெயிண்ட். ஒரே நாளில் முடிந்தது, 4,500 ரூபாய். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. அந்த இடம் அப்படியே இருக்க அதற்கு ஒரு அடி மேலே புதிதாக ஈரக்கோடு வந்தது, பிறகு பட்டியும் தகடாகக் கழன்றது. உள்பக்கம் அடைத்துவிட்டால் செங்கலில் இருக்கும் தண்ணீர் போக வழியில்லாமல் மேலே ஏறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக அரியூர் பக்கத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். அவர் ஹாலுக்குள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை, நேராக வெளியே சந்துக்குப் போய்விட்டார். "இன்னாம்மா, தண்ணி வெளிய நிக்குது, நீ உள்ள பூசிக்கினு கீற" என்றார். எங்கள் தெருவில் பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இரண்டு முறை சிமெண்ட் ரோடு போட்டதில் வீடு பள்ளமாகிவிட்டது. தெருத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நாங்களும் சந்தில் மண் கொட்டி மேலே தளம் போட்டிருந்தோம். அந்தத் தளம் பேஸ்மெண்ட் மட்டத்துக்கு மேலே ஏறி, கீழிருந்து ஓதம் வராமல் தடுக்கப் போட்ட பூச்சையே தாண்டி நேராகச் செங்கலைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. போதாததற்கு மொட்டைமாடித் தண்ணீர் குழாயும் சரியாக அங்கேதான் கொட்டுகிறது. இருபது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டில் எங்கள் யார் கண்ணிலும் இது படவில்லை.

அதனால் முதல் வேலை சுவரில் இல்லை, சந்தில். சுவரை ஒட்டி எட்டடி நீளத்துக்குத் தளத்தை உடைத்து, பேஸ்மெண்டுக்கு அரையடி கீழே வரை மண்ணை எடுத்து, பின்பக்கம் தென்னை மரத்தடிக்குத் தண்ணீர் ஓடும்படி வாட்டம் வைத்தார். குழாய்க்கு ஒரு எல்போ போட்டு ஆறடி நீட்டினோம். செலவில் பாதி இதற்கே போனது, ஆனால் இதைச் செய்யாமல் உள்ளே எது பூசினாலும் வீண்.

பிறகு ஏப்ரல் கடைசியில் உள்பக்கம் கொத்தினார். கரண்டிக் கட்டையால் தட்டித் தட்டிப் பார்த்து, டொப்பென்று சத்தம் வருகிற இடம் முழுக்க எடுத்ததில், இரண்டடிக்கு இரண்டடி இருந்தது மூன்றடிக்கு நாலடி ஆகிவிட்டது. உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனேன், தடுத்துவிட்டார். கழுவினால் உப்பு கரைந்து செங்கலுக்குள்ளேயே போய்விடும், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் கொட்ட வேண்டும். அதோடு, "அக்னி நட்சத்திரம் முழுக்கக் காயட்டும், ஆடியில வர்றேன்" என்று போய்விட்டார். வேலூர் வெயிலை ஒரு வேலைக்காவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்றால் அது ஈரச்சுவரைக் காய வைப்பதற்குத்தான். ஹாலில் செங்கல் தெரிய இரண்டரை மாதம் இருந்தோம், வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், பரவாயில்லை. ஆடியில் புதுவீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டார்கள் என்பதால் கொத்தனார்களும் சின்ன வேலைக்குக் கிடைக்கிறார்கள், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு பி சாண்ட், அதாவது பூச்சு வேலைக்கென்று கல்லைச் சன்னமாக அரைத்த மணல். எம் சாண்ட் என்கிற பெருவட்டான கல்மணல் கான்கிரீட்டுக்கு, பூச்சுக்கு அது சொரசொரப்பாக இருக்கும். சிமெண்ட் பத்து கிலோ சில்லறையில் வாங்கினோம், மிச்சமே ஆனது. சுண்ணாம்பு சேர்த்தால் சுவர் கொஞ்சம் மூச்சுவிடும், வெடிப்பும் குறையும். ஓரங்களை நேராக வெட்டி, செங்கலை நனைத்து, அரை அங்குலத்துக்குச் சற்று கூடுதலாகப் பூசி மட்டப்பலகையால் இழுத்தார். பத்து நாள் தண்ணீர் தெளிப்பது அம்மா பொறுப்பு. மின்விசிறிக் காற்றில் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது என்று சணல் சாக்கை நனைத்து மாட்டிவிட்டார், நல்ல யோசனை.

கூலி மூன்று நாளைக்குக் கொத்தனார் 1,100, சித்தாள் 700 வீதம் 5,400. சாமான், குழாய் எல்லாம் சேர்த்து மொத்தம் 6,700 ஆனது. ஒரு மழைக்காலம் பெயிண்ட் இல்லாமலே விட்டுப் பார்த்து, 2023 பொங்கலுக்குத்தான் டிஸ்டெம்பர் அடித்தோம். பட்டி போடவே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேர்கிற இடத்தில் தலைமுடி அளவு வெடிப்பு ஒன்று ஓடுகிறது, நகம்கூட நுழையாது. பட்டி இல்லாததால் பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டு தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக உப்பு பூத்தது, பிரஷ்ஷால் தட்டிவிட்டேன், அதற்கப்புறம் வரவில்லை. பூச்சு கெட்டியாகத்தான் இருக்கிறது, தட்டினால் சத்தம் மாறவில்லை. சந்தில் மட்டும் தென்னை மட்டையும் குப்பையும் சேர்ந்து வாட்டம் அடைத்துக்கொள்கிறது, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை மண்வெட்டியோடு இறங்கிச் சுத்தம் செய்துவிடுகிறேன்.