‘டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று’ என்ற பில்லை அப்படியே நம்பாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் உள்ள ஓர் ஓர்க்‌ஷாப்பில் 2.0 லிட்டர் டீசல் பிக்கப் ஒன்றுக்கு ‘டைமிங் பெல்ட் செட்’ என்று பில் எழுதி 4,600 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். அதன்பின் வண்டி 11,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் டர்போ போய்விட்டது, எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் பேரிங்கும் தேய்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் டைமிங் பெல்ட் புதியதுதான். அந்த அளவுக்குப் பில் பொய்யில்லை. செய்யாமல் விட்ட வேலைதான் எஞ்சினைத் தின்றது.

இந்த வகை எஞ்சினில் பெல்ட் வெளியே காய்ந்து ஓடாது, ஆயிலில் நனைந்தபடி ஓடும். பலவற்றில் இரண்டு பெல்ட் உண்டு. பெரியது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும். சின்னது கிராங்கின் அடிப்பக்கமிருந்து ஆயில் பம்பைச் சுழற்றும். சின்னது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதாது என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். மோதாதுதான். ஆனால் பம்ப் நின்ற அடுத்த சில விநாடிகளில் டர்போவுக்கும் பேரிங்குக்கும் ஆயில் இருக்காது.

பெல்ட் அறுவதற்கு வெகு முன்பே கெடுதல் தொடங்கிவிடுகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டி ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால், வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று நின்று இன்னும் அதிகமாக இறங்கும். நம் ஊர் டீசலில் பாமாயில் டீசலும் கலக்கிறார்கள், 2019இல் அது 10 விழுக்காடாக உயர்ந்தது. அந்தப் பங்கு சாதாரண டீசலைப்போல் சூட்டில் எளிதில் ஆவியாகிப் போகாது, ஆயிலிலேயே தங்கும். அதில் ஊறிய ரப்பர் உப்பும், பல்லின் அடியில் வெடிக்கும், துணி நார் உரியும். உரிந்த துகள் எல்லாம் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான கார்ட்டருக்குள் இறங்கி ஆயில் பம்பின் வலைச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். சமதரையில் சமாளிக்கும் பம்ப், நீண்ட ஏற்றத்தில் கூடுதல் ஆயில் இழுக்கும்போது திணறும்.

இந்த வண்டியில் கார்ட்டரை ஒட்டக் கம்பெனியிலேயே பூசிய சிலிகான் பசை அறுபடாமலே இருந்தது. அதாவது, கார்ட்டரை இறக்கவே இல்லை. சல்லடை முக்கால்வாசி அடைத்துக் கிடந்தது. பம்ப் பெல்ட் பழையது, விரலால் மடக்கினாலே வெடிப்பு தெரிந்தது. பில்லின் கடைசி இரண்டு வரி அதைவிட மோசம்: ‘15டபிள்யூ40 ஆயில்’, ‘எஞ்சின் ஃப்ளஷ் 1 பாட்டில்’. லாரிக்கு டிரம்மிலிருந்து பிடிக்கும் ஆயில் தரமற்றது என்று சொல்லவில்லை. ஆனால் இந்த பெல்ட்டின் ரப்பருக்கு ஒத்துவரும் என்று சோதித்த ஆயில் எது என்பதைத் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண்தான் சொல்லும். 0டபிள்யூ30 என்ற தடிப்பு எண் மட்டும் பொருந்தினால் போதாது. கையேட்டில் உள்ள ஒப்புதல் எண் பாட்டிலின் பின்பக்கத்தில் அப்படியே இருக்க வேண்டும். ஃப்ளஷ் என்பது எஞ்சினின் உட்புற அழுக்கைக் கழுவ ஊற்றும் கரைப்பான். நனைந்த பெல்ட் உள்ள எஞ்சினில் அதை ஊற்றவே கூடாது.

வண்டியை வேலைக்கு விடுமுன் இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். இரண்டு பெல்ட்டும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்ற வேண்டும். கார்ட்டரை இறக்கி, சல்லடையைக் கழுவும் முன்பும் பின்பும் படம் எடுத்துத் தர வேண்டும். கிராங்க் புல்லி போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கியதும் நீளும் வகை போல்ட் அது. பல எஞ்சின்களில் கிராங்கில் பல்சக்கரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் சாவிக்குழி இல்லாததால், தண்டுகளை அசையாமல் பிடிக்கும் அந்த எஞ்சினுக்குரிய பூட்டு ஊசிகள் இல்லாமல் ‘மார்க் போட்டுச் செய்கிறேன்’ என்பவரிடம் விடாதீர்கள். பூட்டியபின் கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, ஊசி திரும்ப நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெல்ட் இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஒன்றுதான் வந்தால் அங்கேயே கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் அடுத்த சர்வீசில் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் துணுக்கோ நூலோ இருந்தால் கார்ட்டரைக் கழற்றியே ஆக வேண்டும். தனி அழுத்த மானியைப் பூட்டி, சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தத்தை அளந்து கையேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டாஷ்போர்டு விளக்கை நம்பி இருக்க முடியாது, அழுத்தம் வெகுவாக விழுந்தபின்தான் அது எரியும். கையேடு சொல்லும் தூரம் வரை காத்திராமல், கோலாலம்பூர் நெரிசலில் ஓடும் வண்டிக்கு 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதத்தில் ஆயில் மாற்றுவதே எங்கள் பரிந்துரை. ஆயில் குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போனால் டீசல் இறங்குகிறது என்று பொருள். அப்போது ஆறு மாதம்கூட அதிகம்.

பில், படங்கள், பழைய பாகம் மூன்றும் கையில் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. அதுவரை கழற்றிய சல்லடையைக் கழுவாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.